சாயாத மெழுகுவர்த்தி

அத்தியாயம் 6

"டீச்சரம்மா, மூணு வண்டி மெழுகு எரிஞ்ச எடத்துல நான் எதுக்கு இன்னும் வழுக்கி உழுகாம நிக்கறேன்?" என்றாள் குஞ்சம்மாள்.

கரியாகிக் கிடந்த கொட்டகையின் நடுவே இடுப்பில் கையை வைத்து நின்றபடி வலது காலைத் தரையில் தேய்த்துக் காட்டினாள். புழுதிதான் கிளம்பியது.

சாரதாமணி மெழுகு உருக்கும் கொப்பரையின் அடியிலிருந்து வாசல்வரை ஓடிய கல் வாய்க்காலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மெழுகு வைத்த இடத்தில் தீப் பிடித்தால் மெழுகு முழுவதும் எரிந்து தீராது. பாதி உருகி ஓடும், பள்ளமான இடத்தில் தேங்கும், ஆறினால் உறையும். இந்த வாய்க்காலில் சாம்பலும் ஒரு செத்த ஓணானும் தவிர ஒன்றுமில்லை.

"எரியும்போது உள்ளே மெழுகே இல்லை, குஞ்சம்மா."

"அப்படிச் சொல்லுங்க! மெழுகைக் களவாண்டுபோட்டு, களவு தெரியாம இருக்கக் கொட்டாயைக் கொளுத்தியிருக்கான். ஜெயில்ல இப்படி ஏழு பேரை எனக்குத் தெரியும். அதுல மூணு பேரு நல்லாச் சமைப்பாங்க."

குஞ்சம்மாள் சேலம் ஜெயிலில் பெண்கள் பகுதிக்குப் பதினெட்டு வருஷம் வார்டராக இருந்தவள். பென்ஷன் வாங்கிய மறு வாரமே சாரதாமணியின் வீட்டுக்குச் சமைக்க வந்து சேர்ந்தாள். சமையல் சுமார். சந்தேகப்படுவதில் மட்டும் கைதேர்ந்தவள்.

சாரதாமணி ஒரு பெண்கள் பள்ளியில் விஞ்ஞானம் சொல்லிக்கொடுப்பவள். புது மனிதர்களோடு பேச நேர்ந்தால் கண்ணை எங்கே வைப்பதென்று தெரியாமல் தரையைப் பார்ப்பாள். தரையைப் பார்த்துப் பார்த்தே இதுவரை நாலைந்து வழக்குகளில் போலீஸ்காரர்கள் காணாததைக் கண்டுபிடித்திருந்தாள்.

ஆனால் இந்த வழக்கில் அவளும் ஒரு சாட்சி.

புதுச்சத்திரத்தில், சேலம்-நாமக்கல் சாலையோரம் இருந்த இந்தத் தகரக் கொட்டகை பூவாத்தாளுடையது. பூவாத்தாள் சாரதாமணியின் கல்லூரித் தோழி. மதராஸ் விடுதியில் இரண்டு பேரையும் சேர்த்து 'சேலத்து மாம்பழங்கள்' என்று கேலி செய்வார்கள். படிப்பு முடிந்து ராசிபுரத்து நெசவுக் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டவள், வீட்டு ஆண்கள் தறியைப் பார்க்க, தான் மெழுகுவர்த்தி வார்க்க ஆரம்பித்தாள். ஏற்காட்டுப் பங்களாக்களுக்கு வாசனை மெழுகுவர்த்தி. ஆஸ்பத்திரிகளுக்குச் சாதா மெழுகுவர்த்தி. ரங்கூன் ஜப்பான்காரன் கைக்குப் போனபிறகு ரங்கூன் மெழுகு வருவது நின்று, இருப்பதையெல்லாம் சர்க்கார் பர்மிட்டுக்குத்தான் கொடுத்தார்கள். ஆஸ்பத்திரிக்கென்று பர்மிட்டில் வாங்கிய மூன்று வண்டி மெழுகு இந்தக் கொட்டகையில் இருந்தது. இருந்ததாகத்தான் எல்லோரும் நினைத்தார்கள்.

வெள்ளிக்கிழமை அமாவாசை. அமாவாசையன்று நெசவு வீடுகளில் தறி ஓடாது. பூவாத்தாளும் கொப்பரைக்கு நெருப்பு வைக்கமாட்டாள். வேலைக்காரன் தீர்த்தகிரி மட்டும் காலை எட்டு மணிக்கு வந்து, கொப்பரை முன்னால் மாடத்தில் ஓர் அகல் ஏற்றிக் கும்பிட்டுவிட்டு, சாவியை அவளிடம் கொடுத்துவிட்டு மல்லசமுத்திரத்துக்கு உறவு பார்க்கப் போனான். சாயங்காலம் மூன்று மணிக்குக் கொட்டகை எரிந்தது. அகலை அணைக்காமல் விட்டவன் தீர்த்தகிரி என்று அவனை லாக்கப்பில் வைத்திருந்தார்கள். செவ்வாய்க்கிழமை நாமக்கல் கோர்ட்டு.

அன்று பூவாத்தாள் எங்கே இருந்தாள்? சேலத்தில், சாரதாமணியின் வீட்டில். பகல் பன்னிரண்டு முதல் நாலு மணி வரை. சப்-இன்ஸ்பெக்டர் பாலசுந்தரம் வந்து கேட்டபோது சாரதாமணி அப்படியே எழுதிக் கையெழுத்துப் போட்டாள். ஓர் எழுத்துக்கூடப் பொய் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை விடிந்தும் விடியாததுமாக வாசலில் ஒரு பெண் நின்றாள். தீர்த்தகிரியின் மனைவி மாரியாயி.

"உங்க சிநேகிதிக்குச் சொல்ல உங்ககிட்ட ஒரு வார்த்தை இருந்துச்சுங்களே, சாமி. எம் புருசனுக்குச் சொல்ல ஊர்ல ஒருத்தருமில்லீங்க" என்றாள். அழவில்லை. முந்தானை முடிச்சை அவிழ்த்து, இரண்டு அங்குலத்தில் ஒரு மெழுகுவர்த்தித் துண்டை எடுத்து நீட்டினாள். "கூலி குடுக்க ஊட்டுல ஒண்ணுமில்லீங்க. மொதலாளியம்மா வியாழக்கிழமை இதைக் குடுத்தாங்க. வாசமா இருக்குதுன்னு ஏத்தாம வெச்சிருந்தேன். எடுத்துக்கோணும்."

மறுத்தால் அவள் நொந்துபோவாள். சாரதாமணி வாங்கித் துணிப் பையில் போட்டுக்கொண்டு முதல் பஸ்ஸைப் பிடித்தாள். இப்போது இங்கே நிற்கிறாள்.

"அந்த அகல் எங்கே இருக்கிறது, பார்" என்றாள்.

குஞ்சம்மாள் சுவர் மாடத்தில் கையை விட்டாள். "வெச்சது வெச்ச மாதிரி குந்தியிருக்குதுங்க. சாயக்கூட இல்ல. திரி கடைசிவரைக்கும் கருகியிருக்குது."

"ஓர் அகல் விளக்கெண்ணெய் எத்தனை நேரம் எரியும்?"

"எங்க ஜெயில் சூப்பரண்டு ஊத்தச் சொல்ற அளவுன்னா அரை மணி. தீர்த்தகிரி ஊத்துனா ரெண்டு மணி, ரெண்டரை மணி."

"எட்டுக்கு ஏற்றியது பத்தரைக்கு அணைந்திருக்கும். தீ மூன்று மணிக்கு. அகல் இல்லை."

பிறகு என்ன? சுவர் ஓரத்தில் ஒரு கருங்கல் கிடந்தது. குங்கிலியப் பிசினை இடிக்கிற கல். அதைச் சுற்றித்தான் தரை அதிகமாகக் கருகியிருந்தது. கழிவுப் பஞ்சு எரிந்த வெள்ளைச் சாம்பல். கல்லின் நடுவில் ஒரு விரிசல். சாரதாமணி கொண்டை ஊசியை உருவி விரிசலுக்குள் விட்டாள். ஊசிமுனையில் ஒரு மிளகளவு மெழுகு வந்தது.

முகர்ந்தாள். பிறகு வாயில் போட்டு மென்றாள்.

"டீச்சரம்மா, காலைச் சாப்பாடு ஆகலைன்னா ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமுல்ல!"

"ஆட்டுக் கொழுப்பென்றால் பல்லில் ஈஷிக்கொள்ளும். ரங்கூன் மெழுகென்றால் சவ்வாக இழுக்கும். தேன்மெழுகு பொடிந்துபோகும்." மென்றதைத் துப்பினாள். "இது பொடிந்தது, கடைசியில் லேசாக ஒட்டியது. ஒட்டியது குங்கிலியம். வாசனை வெட்டிவேர்."

சொல்லி முடித்ததும் அவள் முகம் மாறியது. குஞ்சம்மாள் அதைப் பார்த்தாள். இந்த ஒரு தடவை கேலி செய்யாமல் விட்டாள்.

அன்று சாயங்காலம் சேலத்தில், சமையலறையில், நாலு மெழுகுவர்த்திகள் தயாராயின. கறிக்கடையில் வாங்கிய கொழுப்பைக் காய்ச்சி ஒன்று. ரங்கூன் மெழுகில் செய்த கடை மெழுகுவர்த்தியை உருக்கி ஒன்று. கொல்லிமலையிலிருந்து சந்தைக்கு வருகிற தேன்மெழுகில் ஒன்று. நாலாவதுக்குச் சாரதாமணி தன் பழைய கல்லூரி நோட்டைத் திறந்தாள்.

அதில் இரண்டு கையெழுத்துகள். குண்டு எழுத்து அவளுடையது. சாய்ந்த எழுத்து பூவாத்தாளுடையது. ஒரு கோடை விடுமுறை முழுவதும் உடைந்த சோதனைக் குழாய்களில் வார்த்து வார்த்துப் பார்த்தது. கொழுப்பு: நாற்றம், புகை, எறும்பு வருகிறது. ரங்கூன்: பளபளப்பு, ஆனால் வாசனைத் தைலத்தைக் கக்கிவிடுகிறது, வெயிலில் வளைகிறது. தேன்மெழுகு: மெதுவாக எரிகிறது, தைலத்தைப் பிடிக்கிறது, நம்மூர் வெயிலுக்குப் போதாது. கடைசிப் பக்கத்தில், பத்துப் பங்கு தேன்மெழுகுக்கு ஒரு பங்கு வெள்ளைக் குங்கிலியம். கீழே சாய்ந்த எழுத்தில்: 'மணிக்கு ஓர் அங்குலம். கடிகாரம் தோற்றது! யாருக்கும் சொல்லாதே, சாரதா.'

யாருக்கும் சொல்லவில்லை.

"இதைத்தானே அன்னிக்கு அந்தம்மா கொண்டாந்தாங்க?" என்றாள் குஞ்சம்மாள், கொப்பரையாக மாறிய சாம்பார்ச் சட்டியைக் கிளறியபடி. "எனக்கு ஒரு பழம்கூடக் கொண்டாரல. நல்லா ஞாபகமிருக்குது."

பூவாத்தாள் அதையேதான் கொண்டுவந்திருந்தாள். அமாவாசையன்று உள்ளே நுழைந்ததும் பையிலிருந்து எடுத்து மேஜைமேல் நிறுத்தினாள். "நம்ம மெழுகுவர்த்தி. அடையாளம் தெரியுதா?" என்றாள். நாலு அங்குலம்தான் இருந்தது. ஏன் குட்டை என்று கேட்டதற்கு, அச்சிலிருந்து உருவும்போது ஒடிந்துவிட்டது என்றாள். உடனே ஏற்றலாமென்று சாரதாமணி தீப்பெட்டியை எடுத்தபோது, "இரு, ராகு காலம் போகட்டும்" என்று தடுத்து, மணிக்கூண்டு பன்னிரண்டு அடித்ததும் ஏற்றினாள். பிறகு மூன்று மணி நேரம் பேச்சு. விடுதிக் கதை, வாத்தியாரம்மா கதை. வருஷக்கணக்காக யாரோடும் அத்தனை பேசாத சாரதாமணி அன்று தொண்டை கட்டும்வரை பேசினாள். மூன்று அடித்தபோது பூவாத்தாள் விரலால் திரியைக் கிள்ளி அணைத்தாள். "மிச்சத்தை நீ வெச்சுக்கோ. என் ஞாபகமா இருக்கட்டும்."

அந்த ஓர் அங்குலம் ஜன்னலில் இருந்தது. நாளைக்கு வாசனையை ஒப்பிட்டுக் காட்ட உதவும் என்று சாரதாமணி அதையும் பையில் போட்டுக்கொண்டாள். அதற்கு மேல் எதையும் நினைக்க அவள் மனம் இடம் கொடுக்கவில்லை.

திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு, எரிந்த கொட்டகைக்குப் பக்கத்திலிருந்த கடலை மூட்டை அடுக்கும் கிட்டங்கியில் நாலு பேர் கூடினார்கள். அதுவும் தகரக் கூரைதான்; காற்றுப் புகாமல் கதவைச் சாத்தியதும் பள்ளியிலிருந்து கொண்டுவந்த வெப்பமானி நூற்றுப் பன்னிரண்டைத் தொட்டது. அக்கினி நட்சத்திரம்.

சப்-இன்ஸ்பெக்டர் பாலசுந்தரம் தொப்பியைக் கழற்றி விசிறிக்கொண்டார். "டீச்சர், எனக்கு ஸ்டேஷன்ல ஃபேன் இருக்கு."

"தீர்த்தகிரிக்கும் இருக்குதுங்களா ஐயா?" என்று கேட்டாள் குஞ்சம்மாள்.

பூவாத்தாள் ஒரு தூக்குவாளி நிறைய நீர்மோர் கொண்டுவந்திருந்தாள். சாரதாமணியின் கையைப் பிடித்துக்கொண்டு, "என் கொட்டாய்க்காக நீ இப்படி வெயில்ல அலையணுமா?" என்றாள். கை குளிர்ந்திருந்தது.

பலகைமேல் நாலு மெழுகுவர்த்திகள், எல்லாம் ஆறு அங்குலம். ஒவ்வொன்றின் அடியிலும் ஓர் அங்குல உயரத்துக்குக் கழிவுப் பஞ்சு. பக்கத்தில் ஒரு வாளி மணல். சாரதாமணி தரையைப் பார்த்தபடி சொன்னாள்:

"யாரோ மெழுகுவர்த்தியை ஏற்றி வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். திரி பஞ்சுவரை இறங்க வேண்டும். அதுவரை ஏற்றியவர் வெகு தூரம் போய்விடலாம். எந்த மெழுகு என்பதை இந்த வெயில் சொல்லும்."

ஏற்றினாள்.

கால் மணியில் கொழுப்பு மெழுகுவர்த்தி பலகையில் உட்கார்ந்துவிட்டது. "ஐயரு வந்தாலும் எந்திரிக்க மாட்டேங்குது" என்றாள் குஞ்சம்மாள், மூக்கைப் பொத்திக்கொண்டு. முக்கால் மணியில் ரங்கூன் மெழுகுவர்த்தி குனிந்து குனிந்து பலகையைத் தொட்டது. "பாருங்க, உங்களைத்தான் கும்புடுது ஐயா. இதுக்கு மட்டுந்தான் உங்ககிட்டப் பயம்." பன்னிரண்டு மணிக்குத் தேன்மெழுகு ஒரு பக்கமாகச் சாய்ந்து, சுடர் சரிந்து, ஒழுகியே அணைந்தது.

நாலாவது மட்டும் நேராக நின்று எரிந்தது. வெட்டிவேர் மணம் கிட்டங்கியை நிறைத்தது.

பாலசுந்தரம் சாப்பிட்டுவிட்டு வந்தார். அப்போதும் அது நேராக நின்றது. மணிக்கு ஓர் அங்குலம். பூவாத்தாள் இரண்டடி தள்ளிச் சாக்கின்மேல் உட்கார்ந்திருந்தாள். பேச்சுக் கொடுத்தால் பேசினாள், சிரித்தாள், ஆனால் கண் சுடரைவிட்டு நகரவில்லை. எங்கேயோ பார்த்த பார்வை அது. எங்கே என்று சாரதாமணிக்கு அப்போது பிடிபடவில்லை.

மூன்று மணிக்குச் சற்று முன்னால் பூவாத்தாள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு சாக்கோடு பின்னுக்கு நகர்ந்தாள். அவள் நகர்ந்த மறுகணம் பஞ்சு குப்பென்று பற்றியது. குஞ்சம்மாள் மணலை அள்ளிக் கொட்டினாள்.

சப்-இன்ஸ்பெக்டர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "மூணு. டீச்சர், பிரமாதம்!"

சாரதாமணிக்கு நாலு நாளில் முதல் தடவையாக மூச்சு இறங்கியது. தீர்த்தகிரி வீட்டுக்குப் போவான்.

"அப்ப இது அஜாக்கிரதையில்ல" என்று தொடர்ந்தார் பாலசுந்தரம், தொப்பியை எடுத்து மாட்டியபடி. "வேணும்னே வச்ச தீ. இந்த மாதிரி மெழுகுவர்த்தி வார்க்கத் தெரிஞ்சவன், கொட்டகைக்குள்ள போய் வர்றவன், மெழுகைக் கடத்த வசதி உள்ளவன். எல்லாம் தீர்த்தகிரிதானே?"

"அவன் போனது எட்டு மணிக்கு" என்றாள் சாரதாமணி அவசரமாக. "மூன்று மணிக்குப் பற்ற வேண்டுமென்றால் எட்டு அங்குலம் வேண்டும். இவர்கள் அச்சு ஆறு அங்குலம்தான்."

"அச்சு பண்ண அவனுக்குத் தெரியுமுங்க" என்றாள் பூவாத்தாள் மெதுவாக. தலை குனிந்திருந்தது. "சொல்லக்கூடாதுன்னுதான் இருந்தேன். மூங்கில்ல எந்த நீளத்துக்கு வேணும்னாலும் பண்ணுவான். பாவம், புள்ளை குட்டிக்காரன், என்ன கஷ்டமோ."

"முடிஞ்சுது. அஜாக்கிரதைன்னா மூணு மாசம். இது ஏழு வருஷத்துக்குக் குறையாது."

சாரதாமணியின் கண் மறுபடி தரைக்குப் போனது. அவனைக் காப்பாற்ற ஐந்து மணி நேரம் பாடுபட்டு அவன் கழுத்தில் கயிற்றை அவளே மாட்டியிருக்கிறாள். மாரியாயி கூலி வேறு கொடுத்திருக்கிறாள்.

"ஐயா, ஒரு நிமிசம்" என்றாள் குஞ்சம்மாள். மணல் வாளியைக் கீழே வைத்தாள். "பஞ்சு பத்தறதுக்கு முன்னாலயே இந்தம்மா நகந்து குந்துனாங்க. எனக்குத் தெரியல, உங்களுக்குத் தெரியல, டீச்சரம்மாவுக்கே தெரியல. இவுங்களுக்கு மட்டும் எப்படித் தெரிஞ்சுது?"

"தொழில் செய்யறவங்களுக்குத் தெரியாதா?" என்றார் சப்-இன்ஸ்பெக்டர். "அன்னிக்கு அந்தம்மா டீச்சர் வீட்டுல இல்ல இருந்தாங்க? இருபத்தஞ்சு மைல் தள்ளி உக்காந்துக்கிட்டு எவ்வளவு எரிஞ்சிருக்குன்னு எப்படிப் பாக்கறது?"

எப்படிப் பார்ப்பது.

சாரதாமணிக்கு அந்தப் பார்வை எங்கே பார்த்தது என்று பிடிபட்டது. தன் வீட்டில். தன் மேஜையில்.

துணிப் பைக்குள் கையை விட்டாள். ஜன்னலில் இருந்த ஓர் அங்குலத் துண்டு கையில் பட்டது. அதன் அடியைத் தடவினாள். அச்சிலிருந்து வரும் அடி வழவழவென்று தட்டையாக இருக்கும். ஒடிந்த அடி சொரசொரவென்று இருக்கும். இது சாய்வாக, ஒரே இழுப்பில், கத்தியால் வெட்டியது. நடுவில் மயிரிழை போல ஒரு வரம்பு. வெட்டிய கத்தியின் வாயில் ஓரிடம் உடைந்திருக்க வேண்டும்.

பைக்குள் இன்னொரு துண்டும் இருந்தது. மாரியாயியின் கூலி. அதையும் எடுத்தாள். இரண்டையும் சேர்த்து வைத்தாள். சாய்வு சாய்வில் உட்கார்ந்தது. வரம்பு வரம்போடு ஓடியது. நடுவில் திரியோடு பின்னிய சிவப்பு நூல் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்குத் தொடர்ந்தது.

"பூவா" என்றாள். துண்டுகளை அவள் பக்கம் நீட்டினாள். "பூவா, அச்சில் ஒடிந்தது என்றாயே."

பூவாத்தாள் அந்தத் துண்டுகளைப் பார்த்தாள். வேறு யாரையும் பார்க்கவில்லை.

"இது என்ன கணக்கு டீச்சர்?" என்றார் பாலசுந்தரம்.

சாரதாமணி இந்தத் தடவை தரையைப் பார்க்கவில்லை. "ஒரே அச்சில் இரண்டு மெழுகுவர்த்தி. ஒன்றைப் பத்து மணிக்குக் கொட்டகையில் ஏற்றினாள். பத்து மணி பஸ்ஸில் சேலம் வந்தாள். இரண்டு மணி நேரப் பயணம். அதனால் இன்னொன்றில் இரண்டு அங்குலத்தை முன்னாடியே வெட்டிவிட்டாள். சரியாகப் பன்னிரண்டுக்கு என் மேஜையில் ஏற்றினாள். அப்புறம் இரண்டும் ஒன்றாகவே இறங்கின. இங்கே நடப்பதை என் வீட்டிலிருந்தே பார்த்துக்கொண்டிருந்தாள். ஓர் அங்குலத்தில் இங்கே பஞ்சு பற்றியது. ஓர் அங்குலத்தில் அங்கே அணைத்தாள்."

"கரி வாயுல ஓடற பஸ்ஸு நேரத்துக்கு வந்து சேரும்னு எப்படி நம்பினாங்க?" என்றார் சப்-இன்ஸ்பெக்டர்.

"நம்பவில்லை. முன்னாடியே வந்துவிட்டது, அதனால் காத்திருந்தாள். ராகு காலம் என்று சொன்னாள்." அவள் பூவாத்தாளைப் பார்த்தாள். "விடுதியில் ராகு காலம் பார்த்து யார் பரீட்சைக்குப் போனாலும் நீதானே சிரிப்பாய்? எனக்கு அன்றைக்கே தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை. நீ வந்ததில் எனக்கு அத்தனை சந்தோஷம்."

சப்-இன்ஸ்பெக்டர் விரலை மடக்கிப் பத்து, பன்னிரண்டு, மூன்று என்று ஒருமுறை எண்ணிப் பார்த்தார். இரண்டாம் முறை எண்ணவில்லை.

"அந்த ரெண்டு அங்குலத்தை எரியற கொட்டாய்க்குள்ளயே போட்டிருக்கலாமுல்ல?" என்று கேட்டாள் குஞ்சம்மாள். உண்மையிலேயே தெரிந்துகொள்ள விரும்பிக் கேட்டாள்.

"மனசு வரல" என்றாள் பூவாத்தாள். "தைலம் போட்டு வார்த்தது. சிந்துனதச் சொரண்டி எடுத்துத்தான் பழக்கம். மாரியாயி வாசல்ல நின்னா. குடுத்துட்டேன்."

பிறகு எல்லாவற்றையும் தானாகவே சொன்னாள். நூல் கிடைக்கவில்லை. மாமனார் வீட்டில் பதினாறு தறியும் நின்றுபோய், நெய்கிறவர்கள் பெண்டாட்டி பிள்ளைகளோடு வாசலில் வந்து உட்கார்ந்தார்கள். ஒருவன் நூல் வைத்திருந்தான். அவனுக்கு மெழுகு வேண்டியிருந்தது. மூன்று வண்டி மெழுகு போய் நூல் வந்தது. தறி ஓடியது. திங்கட்கிழமை பர்மிட் அதிகாரி இருப்புப் பார்க்க வருகிறார் என்று கடிதம் வந்தது.

"தீர்த்தகிரி?" என்றாள் சாரதாமணி.

"மூணு மாசம்தான்னு நெனச்சேன். அவன் குடும்பத்தைப் பாத்துக்கறதாத்தான் இருந்தேன். பதினாறு குடும்பம் சாரதா, இவன் ஒருத்தன்."

"ஏழு வருஷம் என்று அவர் சொன்னபோதும் நீ வாயைத் திறக்கவில்லையே."

பூவாத்தாள் சாக்கின் ஓரத்து நூலைப் பிரித்தாள்.

"ராசிபுரத்தில் உனக்கு எத்தனை சொந்தக்காரர்கள்! ஏன் என் வீட்டுக்கு வந்தாய்?"

"சொந்தக்காரங்க சொன்னா யாரு நம்புவாங்க? நீ சொன்னா நம்புவாங்க." கண் மணல் மூடிய மெழுகுவர்த்தியில் இருந்தது. "எல்லாரையும் கேள்வி கேப்பே. என்னை மட்டும் கேக்கமாட்டேன்னு தெரியும்."

ஸ்டேஷனில் சாரதாமணி பழைய வாக்குமூலத்தை மறுபடி வாங்கிப் படித்தாள். பகல் பன்னிரண்டு முதல் நாலு மணி வரை பூவாத்தாள் என்னோடு இருந்தாள். அதில் அடிக்க ஒரு வார்த்தையும் இல்லை. கீழே நாலு வரி சேர்த்து எழுதிக் கையெழுத்துப் போட்டாள். இரண்டு துண்டுகளையும் காகிதத்தில் மடித்து அரக்கு வைத்தார்கள்.

விளக்கு வைக்கிற நேரத்துக்குத் தீர்த்தகிரியை வெளியே விட்டார்கள். மாரியாயி புருஷனைப் பார்த்துவிட்டு நேராகச் சாரதாமணியிடம் வந்தாள். "உங்க கூலியைப் போலீசு எடுத்துக்கிச்சாமே சாமி. நான் வேற என்ன குடுப்பேன்?"

"அவுங்களுக்கு ஒரு சொம்பு தண்ணி குடு ஆயா. காத்தாலருந்து பச்சைத் தண்ணி பல்லுல படல" என்றாள் குஞ்சம்மாள். நீர்மோர்த் தூக்கு கிட்டங்கியில் அப்படியே இருந்தது. அதை யாரும் தொடவில்லை.

கடைசி பஸ்ஸில் இரண்டு பேரும் சேலம் திரும்பினார்கள். வீட்டுக்கு வந்ததும் குஞ்சம்மாள் சோறு போட்டாள். மேஜையில், அமாவாசையன்று மெழுகுவர்த்தி நின்ற இடத்தில், ஒரு வட்டம் எண்ணெய் ஏறியிருந்தது. சாரதாமணி தட்டை அதன்மேல் வைத்தாள். பிறகு எடுத்துத் தள்ளி வைத்தாள்.

"குஞ்சம்மா."

"சொல்லுங்க."

"அன்றைக்கு நான் எதற்கோ விழுந்து விழுந்து சிரித்தேனே. அவளும் சிரித்தாள். நீ காபி கொண்டுவந்தாய். அப்போது அவள் என்னைப் பார்த்தாளா, மெழுகுவர்த்தியைப் பார்த்தாளா?"

பதினெட்டு வருஷம் கைதிகளின் கண்ணைப் பார்த்தே பொய்யைப் பிடித்தவள் குஞ்சம்மாள். குனிந்து, சிந்தாத சோற்றைத் தரையில் தேடினாள்.

"உங்களத்தானுங்க பாத்தாங்க" என்றாள்.

அதற்குமேல் ஒரு வேடிக்கையும் சொல்லாமல் உள்ளே போய்விட்டாள்.